மச்சாளின் இடது கன்னம்

பெயர் ஒட்டாத அந்தச் சின்ன வெள்ளைக் கிறீம் போத்தலை மச்சாளுக்கு வாங்கிக் கொடுத்தவள் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் என் அண்ணனின் மனைவி. கனடாவில், ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு இரண்டு கன்னங்களிலும் மங்கு கறுப்பாகப் படர்ந்தது, இடது பக்கம் கூடுதலாக. அவருக்கு அது பெரிய கவலையாக இருக்கவில்லை, எங்களுக்குத்தான் இருந்தது. கோயிலிலும் பிறந்தநாள் விழாக்களிலும் கண்டவர்கள் எல்லாம் சுகம் விசாரிக்கும் முன் முகத்தை விசாரித்தார்கள். பிளாசாவில் அழகு நிலையம் வைத்திருந்த அன்ரி, "ஒரு மாசம் பூசச் சொல்லும், வெள்ளைக்காரி மாதிரி வருவா" என்றபோது நான் யோசிக்காமல் வாங்கினேன்.

மூன்று வாரத்தில் முகம் வெளுத்தது. நான் பெருமைப்பட்டுத் திரிந்தேன். பிறகு கன்னங்கள் சிவந்து எரிந்தன. தோல் மெலிந்து நரம்பு தெரிந்தது. பூசாமல் விட்டால் இன்னும் எரிந்தது. கடைசியில் மங்கு முன்பைவிடக் கறுத்துத் திரும்பி வந்தது. தோல் வைத்தியரிடம் நானும் கூடப் போனேன். அவர் போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கும், அதுதான் தோலைக் கெடுத்திருக்கிறது என்றார். பஸ் ஜன்னல் வெயில் நாள் முழுக்க இடது பக்கத்தில் விழுவதையும் கேட்டறிந்தார். வேறு மருந்து எழுதி, பனிக்காலத்திலும் வெயில் தடுக்கும் கிறீம் பூசச் சொன்னார். முழுவதும் போகும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

திரும்பும்போது காருக்குள் அழுதது நான்தான். மச்சாள் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "நீர் அழாதையும். பூசினது நான். இனி என்ர முகத்தைப் பற்றி ஆர் கதைச்சாலும் நான் பாத்துக்கொள்ளுறன்."

மச்சாளின் மூத்த மகள் பெரியபிள்ளையானதற்கான சாமத்திய வீடு மில்லிக்கன் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. அதற்குள் மங்கு ஓரளவு குறைந்திருந்தது. மிச்சத்தை மேக்கப்பால் மறைக்க மச்சாள் சம்மதிக்கவில்லை. அந்த அன்ரியும் வந்திருந்தார். பிள்ளையின் தாடையைப் பிடித்து, "கொஞ்சம் கறுப்புத்தான். நான் ஒரு கிறீம் தாறன்" என்றார்.

மச்சாள் அந்தக் கையை எடுத்துவிட்டார். "அன்ரி, என்ர முகத்தை வடிவாப் பாருங்கோ. உங்கட கிறீம் செய்த வேலை இது. என்ர பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை."

சாப்பாட்டு வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "சபையில இப்பிடிக் கதைக்கலாமோ?" என்றார் ஒருவர். "சபையிலதானே உவவும் சொன்னவ!" என்றார் மச்சாள். நான் மச்சாளின் பக்கத்தில் போய் நின்று, "ஓம், வாங்கிக் குடுத்தது நான். அது மெய்தான்" என்றேன். அன்ரி சாப்பிடாமலே போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து அல்பம் வந்தது. எல்லாப் படங்களிலும் மச்சாளின் கன்னங்கள் கழுவிவைத்த கோப்பை மாதிரி இருந்தன. படம் எடுத்தவர், கேட்காமலே திருத்திக் கொடுத்ததாகச் சந்தோஷத்துடன் சொன்னார்.

"தம்பி, என்ர மகளுக்குப் பக்கத்தில ஆரோ ஒரு பொம்பிளை நிக்கிறா. அவவை எடுத்துப்போட்டு என்னைப் போட்டுத் தாங்கோ" என்று மச்சாள் அல்பத்தைத் திருப்பி அனுப்பினார்.

இப்போது எனக்கும் நெற்றியில் மங்கு வந்திருக்கிறது. வைத்தியர் தந்ததைப் பூசுகிறேன், தலைமுடியை இழுத்துவிட்டு மறைப்பதில்லை. மச்சாள் வீட்டில் அந்தத் தாயும் மகளும் நிற்கும் படம், மங்கு அப்படியே தெரிய, வாசற்கதவுக்கு நேரே தொங்குகிறது. வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.