எனக்கு ரத்தம் கொடுத்தவர்

அறுபதுகளில் நடந்தது. என் இரண்டாவது பிரசவத்தில் பிள்ளை குறுக்கே கிடந்தது. திருச்செங்கோட்டிலிருந்து சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எனக்கு ஏகப்பட்ட ரத்தம் போய்விட்டது.

"ஆபரேஷன்தான். உடனே ரத்தம் வேணும்" என்றார் டாக்டரம்மா.

"டீ குடிச்சுட்டு வாரேனுங்க" என்று போன என் புருஷன் திரும்பவில்லை. அவர் தம்பியும் நழுவினான். ரத்தம் கொடுத்தால் தறி மிதிக்கத் தெம்பிருக்காது என்று பயம்.

தன் மனைவியைச் சேர்த்துவிட்டு வராந்தாவில் நின்ற முஸ்லிம் ஜவுளி வியாபாரி ஒருவர் சட்டைக் கையை மடித்தார். "என்னுது சேருமான்னு பாருங்கம்மா."

சேர்ந்தது. நானும் மகளும் பிழைத்தோம்.

எல்லாம் முடிந்த பிறகுதான் புருஷன் வந்து சேர்ந்தார். வீடு திரும்பும்போது சொன்னார்: "நான் குடுத்ததா இருக்கட்டும். பாய் ரத்தம்னு தெரிஞ்சா எங்கம்மா உன்னை அடுப்படிக்குள்ள உடமாட்டா."

தலையாட்டினேன். ஊரே அவரைப் புகழ்ந்தது.

மூன்று மாதம் கழித்து அந்த வியாபாரி, ஆஸ்பத்திரியில் கேட்டு வைத்திருந்த விலாசத்தைத் தேடி, துணி மூட்டையோடு எங்கள் வாசலுக்கு வந்தார். "தங்கச்சி, புள்ள நல்லாருக்கா?"

மாமியார் பக்கத்திலேயே நின்றாள்.

"யாருங்க நீங்க?" என்றேன்.

அவர் மாமியாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீடு மாறி வந்துட்டேம்மா" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

புருஷனைக் கோழை என்று இத்தனை வருஷம் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அவராவது முகத்தைக் காட்டாமல் ஓடினார். நான் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.