எலிகன்ட் ஆக்கப்பட்ட பிரஸ்

ஹைதராபாத் மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் நான் சேஃப்டி ஆபீசராக இருந்த கடைசி வருடம். வெளிநாட்டு கஸ்டமர் வருகிறார் என்றால் எங்கள் நிர்வாகத்துக்குத் தெரிந்த ஒரே ஏற்பாடு பெயின்ட் அடிப்பது. அன்று காலை பிரஸ் ஷாப்பில் நுழைந்தேன். தகட்டை அழுத்தி வெட்டும் பெரிய பவர் பிரஸ் புதுப் பச்சையில் பளபளத்தது. அதன் முன்னால் கை போகாமல் தடுக்கும் மஞ்சள் கம்பிக் கூண்டைக் காணவில்லை. கூண்டு திறந்திருந்தால் பிரஸ் இறங்கக் கூடாது. அதற்காக வைத்திருந்த சுவிட்சையும் ஒரு துண்டு ஒயரால் ஏமாற்றியிருந்தார்கள்.

ஆபரேட்டர் அந்தோணியின் கால் பெடலில் இருந்தது. வலது கை உள்ளே தகட்டைச் சரிசெய்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் எமர்ஜென்சி பட்டனை அடித்தேன்.

"கூண்டு எங்க அந்தோணி?"

"பெரிய சார் கழட்டச் சொன்னாரு. நான் நக்கோ, வேணாம் சார்னேன், கேக்கல." அந்தோணி செகந்திராபாத் தமிழர், ஞாயிறு தோறும் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர்.

பிளான்ட் ஹெட் ராகவன் சிரித்தபடி வந்தார். "அந்தக் கூண்டு அசிங்கமா இருந்துச்சு சார். இப்பப் பாருங்க, மெஷின் எவ்ளோ எலிகன்ட்டா இருக்கு."

விபத்துக் காரணங்களாக அலட்சியம், தூக்கம், அவசரம் எல்லாம் படித்திருக்கிறேன். அழகு எந்த ரிப்போர்ட்டிலும் வந்ததில்லை.

"எலிகன்ட்னா என்ன சார்?"

"கிண்டலா? தேவையில்லாதது எதுவும் இல்லாம, நீட்டா இருக்கறது."

"அது பாதி அர்த்தம். ஒரு டிசைனை எலிகன்ட்னு சொன்னா, தேவையானது ஒண்ணுகூடக் குறையக் கூடாது. இதுல எது தேவையில்லாதது, கூண்டா, அந்தோணி விரலா?"

"ஒரு நாள் கூத்து சார். கஸ்டமர் போனதும் மாட்டிடலாம்."

மெயின் சுவிட்சில் என் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். போட்டவரைத் தவிர யாரும் அதைத் திறக்கக் கூடாது என்பது விதி. பிளான்ட் ஹெட்டுக்கும் விலக்கு கிடையாது. அந்த விதியின் கீழே கையெழுத்துப் போட்டிருந்தவரே ராகவன்தான்.

ஃபிட்டர் ஒயரைப் பிடுங்கினார். கூண்டு திரும்பி வந்தது. பிறகே பூட்டைத் திறந்தேன்.

வந்த கஸ்டமர் பச்சைப் பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. கூண்டைத் திறந்து வைத்து, அந்தோணியைப் பெடலை மிதிக்கச் சொன்னார். பிரஸ் அசையவில்லை. திருப்தியாகத் தலையசைத்துவிட்டு அடுத்த மெஷினுக்கு நகர்ந்தார். ராகவன் முகத்தில்தான் சாயம் வெளுத்திருந்தது.

அந்தோணி இன்றும் பத்து விரலாலும் வாசிக்கிறார். இளைஞர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: உங்கள் ஷாப்பில் யாராவது ஒரு மெஷினை எலிகன்ட் என்று புகழ்ந்தால், அதிலிருந்து எதைக் கழற்றினார்கள் என்று முதலில் கேளுங்கள்.