ஏழு புள்ளிக்கோட்டு வீடுகள்

தேவகியைப் பற்றிச் சொல்வதென்றால் பூட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் ஜெராக்ஸ் கடை திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிரில் இருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பூட்டைப் பக்கத்துக் கொண்டியிலேயே மாட்டிவிடுவது என் வழக்கம். காற்றடித்தால் அது தகரத்தில் தட்டும். டக், டக். இருபது வருஷமாக அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை. தேவகிக்கு மட்டும் விழும். பேசிக்கொண்டே இருப்பவள் சட்டென்று எழுந்துபோய்ப் பூட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வருவாள்.

"இன்னாடி, அந்தப் பூட்டு உன்னை இன்னா பண்ணுச்சு? பேய் ஆடின ஆலங்காட்டுல பொறந்துட்டு பூட்டுக்குப் பயப்படறியே!" என்று கிண்டல் செய்வேன்.

"ஒண்ணுமில்லக்கா. தலை வலிக்குது" என்பாள். பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு ஊர் திருவாலங்காடு. வயது நாற்பத்தைந்து. கணவர் சர்க்கரை ஆலையில் வேலை, ஒரே மகள் காலேஜில் படிக்கிறாள். தேவகி சிவில் டிப்ளமா முடித்தவள். என் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் இன்ஜினியர் சந்திரமோகனிடம் பதினெட்டு வருஷமாக வரைபடம் போடுகிறாள். இந்த ஊரில் புதிதாக எழுந்த வீடுகளில் பாதி அவள் கைக்கோடுதான். அவள் வரைந்ததை எல்லாம் என் மிஷினில்தான் காப்பி எடுப்பார்கள். கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று நான் பார்த்ததில்லை. தாள் சிக்காமல் வெளியே வந்தால் போதும் எனக்கு.

போன தை மாதம் சந்திரமோகன் அவளை ஒரு படிப்பில் சேர்த்துவிட்டார். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்துகிற பன்னிரண்டு வாரப் பயிற்சி. ஒருங்கிணைந்த நகரத் திட்டமிடலும் போருக்குப் பிந்தைய மறுகட்டுமானமும் என்று பெயரே ஒரு முழம். அந்தச் சான்றிதழ் இருந்தால் பெரிய வேலைகளுக்கு மனு போடலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் ஆபீஸ் நேரத்தில் படிக்கக்கூடாதாம்! ஆகவே சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸோடு என் கடைக்கு வந்து, மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொள்வாள்.

"இந்த ஊரு ஆந்திராவா மெட்ராஸான்னு அடிச்சிகினது எங்க நைனா காலத்தோட முடிஞ்சிப்போச்சு. இப்ப எந்தக் குண்டு விழுந்து நீ திருத்தணியைத் திரும்பக் கட்டப்போற?" என்று கேட்டேன்.

"சார் சொன்னாரு, படிக்கிறேன்க்கா" என்றாள். சார் கிணற்றில் குதி என்றாலும் குதித்துவிட்டுத்தான் ஏன் என்று கேட்பாள். அந்தக் குணம்தான் அவளைக் கெடுத்தது.

சும்மா சொல்லக்கூடாது, நானும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். கீழே ஓடுகிற தமிழ் எழுத்து அவ்வப்போது உளறும், இருந்தாலும் விஷயம் புரிந்தது. பாடம் எடுத்தவர் நரைத்த தலையோடு ஒரு அம்மா. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் முன் நிற்பார். குண்டு விழுந்து முன்சுவர் போய்விட்டது. மூன்றாம் மாடியில் யாருடையதோ சமையலறை அப்படியே தெரிந்தது, அடுப்பின்மேல் ஒரு பாத்திரமும் இருந்தது. ரோடு, தண்ணீர், பள்ளிக்கூடம், வீடு என்று தனித்தனியாகத் திட்டம் போடாதீர்கள், எல்லாவற்றையும் சேர்த்து யோசியுங்கள், அதற்கும் முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்று கேளுங்கள் என்றார். எனக்கு அந்தப் பாத்திரத்தைப் பார்க்கவே என்னவோ போல் இருந்தது. அதன்பிறகு நான் கிண்டலைக் குறைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஜெயம்மாளைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். எட்டு வருஷமாக, வேலைக்குப் போகாத திங்கட்கிழமைகளில் எல்லாம் ஒரு மஞ்சள் பையோடு ஜெயம்மாள் என் கடைக்கு வருவாள். மணவூர்ப் பக்கம் வாய்க்கால் ஓரத்துத் தெரு அவளுடையது. இணைப்புச் சாலை ஒன்று வந்தபோது அந்தத் தெருவே போனது. வீடு இழந்தவர்களுக்கு மேட்டில் மூன்று சென்ட் மனை கொடுத்தார்கள். ஜெயம்மாள் வீட்டையும் சேர்த்து ஏழு வீடுகளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் இல்லை, வரைபடத்தில் பாழ் என்று இருக்கிறது என்பதே ஒவ்வொரு முறையும் பதில். ஏழு குடும்பமும் வாய்க்கால் கரையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு கிடந்தன. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அந்த வளைகூட இல்லை. மூன்றாம் வருஷம், கதவில்லாத அந்தக் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் தங்கவேலைப் பாம்பு கடித்தது. அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஜெயம்மாள் படியேறினால் தேவகி இறங்கிவிடுவாள். சாப்பாடு பாதியில் இருந்தாலும் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு பின்பக்கமாகப் போய்விடுவாள். சாதி பார்க்கிறாளோ என்று ஒருநாள் எனக்கே சந்தேகம் வந்து, நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட்டேன். "ஐயோ, இல்லக்கா" என்று அழுதுவிட்டாள்.

நாலாம் வாரப் பாடத்தில் ஒரு கேள்வி வந்தது. சண்டைக்குப் பயந்து ஜனங்கள் ஓடிவிட்ட தெருவில் நீங்கள் அளக்கப் போகிறீர்கள். வீடு நிற்கிறது, கதவு பூட்டியிருக்கிறது. வரைபடத்தில் என்ன குறிப்பீர்கள்? பதில்கள் நாலு கொடுத்திருந்தார்கள். தேவகி யோசிக்கவே இல்லை. கை தன்பாட்டுக்குப் போய் 'ஆளில்லாத வீடு' என்பதை அமுக்கியது. திரையில் சிவப்பாக விழுந்தது: தவறு. வீடு இருக்கிறது. வீட்டுக்காரர் வெளியே போயிருக்கிறார். திரும்பி வருவார் என்று வைத்தே வரைய வேண்டும். கீழே ஒரு பொத்தான், மறுபடி முயலுங்கள் என்று.

அவள் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பூட்டு தட்டியது. இந்தமுறை எழுந்து போகவில்லை, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லித் தொலைடி. உள்ளயே வச்சிகினு சாவப்போறியா?"

அப்போதுதான் சொன்னாள். அந்த இணைப்புச் சாலைக்கு வாய்க்கால் தெருவை அளந்து வரையும் வேலை சந்திரமோகனுக்குத்தான் வந்திருக்கிறது. அளந்து வரைந்தது இவள்.

"தை மாசக் கடைசிக்கா. ஏழு வீட்டுக்காரங்களும் சூளைக்குப் போய்ட்டாங்க. தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. காத்துக்கு ஏழு பூட்டும் கதவுல தட்டிகினே இருந்துச்சு."

பொங்கல் முடிந்தால் அந்தத் தெருவில் பாதிப்பேர் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். அங்கேயே குடிசை போட்டுத் தங்கிக் கல் அறுத்துவிட்டு, மழை பிடிக்கும் ஆடியில் திரும்புவார்கள். போகும்போது எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று கதவில் கரிக்கட்டியால் எழுதிவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். தபால்காரருக்கும் சொந்தக்காரருக்கும் தெரியவேண்டும் அல்லவா?

"நீ அதைப் படிச்சியா?"

"ஆங். படிச்சேன். வீட்டுக்கு நம்பர் இல்லாததால அடையாளத்துக்கு அந்த எழுத்தையே நோட்டுல எழுதிகினேன். சார்கிட்ட சொன்னேன்க்கா, ஆடிக்கு வந்துடுவாங்களாம்னு. நாம போற அன்னிக்கு ஆள் இருந்தா வீடு, இல்லன்னா பாழு, புள்ளி போடுன்னாரு. போட்டேன்."

நிற்கிற வீட்டுக்கு முழுக்கோடு, பாழுக்குப் புள்ளிக்கோடு. அது அவர்கள் தொழிலில் வழக்கம். ஏழு வீட்டுக்கும் புள்ளி வைக்க எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன். பத்து நிமிஷம் என்றாள்.

ஆனி மாதம் ஜேசிபி வந்தபோது, எது எந்த வீடு என்று காட்ட அவளையே அனுப்பியிருக்கிறார்கள். புள்ளிக்கோட்டு வீடுகளை முதலில் எடுத்தார்கள். உள்ளே அடுக்கிவைத்த பானைகள், சுருட்டிய பாய், ஒரு பிள்ளையின் புத்தகப்பை. ஒரு கதவை அப்படியே தூக்கி லாரியில் போட்டபோது எழுத்து மேல்பக்கம் இருந்ததாம். தூறல் விழுந்தும் கரி அழியவில்லை என்றாள். அன்றிலிருந்துதான் அவள் காதில் அந்தப் பூட்டுச் சத்தம். தன் வீட்டுக் கதவுக்கே அவள் பூட்டுப் போடுவதில்லை, வெறும் தாழ்ப்பாள்தான்.

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். "பாவி! எட்டு வருசமா அவ உன் எதிர்க்க மனு தூக்கிகினு நடந்துகினு கீறா. நீ சோறு தின்னுகினு கீற!" சொல்லி முடித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வரைபடத்துக்கு எட்டு காப்பி எடுத்தது என் மிஷின். புள்ளி தெளிவாக விழவில்லை என்று ஒரு காப்பியைத் திரும்ப எடுத்துக்கூடக் கொடுத்தேன்.

அந்த நோட்டு இன்னும் அவளிடம் இருந்தது, பீரோவில் புடவைகளுக்கு அடியில். அதைக் கொடுத்தால் ஏழு வீட்டுக்கும் ஆதாரம். தெரிந்தே செய்தாள் என்பதற்கும் அதுவே ஆதாரம், அவள் கையெழுத்திலேயே. வேலை நிச்சயம் போகும். மனை கொடுக்கும் விடுபட்டோர் பட்டியலை அந்த மாதம் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமையோடு மூடப்போவதாக எதிர் ஆபீசில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். இனி பட்டியல் கிடையாதாம். அன்று சனிக்கிழமை, ஐந்து வேலைநாள்தான் இருந்தது.

திங்கள், செவ்வாய், புதன் அவள் கடைக்கு வரவில்லை. வியாழக்கிழமை வந்து, கம்ப்யூட்டரைத் திறக்காமல், ஒரு பெரிய தாளை விரித்து வரைந்துகொண்டிருந்தாள். வாய்க்கால், புளியமரம், ஏழு வீடு. எல்லாம் முழுக்கோட்டில். கடைசி வாரத்துக்கான பயிற்சியாம் அது, அழிந்துபோன ஓர் இடத்தை அங்கே ஜனங்கள் வாழ்ந்தபோது இருந்தபடி வரைய வேண்டும் என்பது. "அனுப்பப்போறியா?" என்றேன். "இது அங்க அனுப்பறதுக்கு இல்லக்கா" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே நான் சொல்லியனுப்பி ஜெயம்மாள் வந்துவிட்டாள். தேவகி அன்று இறங்கி ஓடவில்லை. எதிரே போய் நின்று, "உங்க வீட்டுக்குப் புள்ளி வச்சது நான்தாங்க" என்றாள். எழுத்துப் படிக்கத் தெரியாத ஜெயம்மாளுக்குப் புள்ளி என்றால் என்னவென்று புரியவில்லை. நான்தான் விளக்கினேன். விளக்க விளக்க அவள் முகம் கல்லாகிக்கொண்டே போனது. அடிப்பாள் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் தேவகிக்கு நன்றாக இருந்திருக்கும். ஜெயம்மாள் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "எங்க போவணும் இப்ப?" என்று என்னைக் கேட்டாள்.

கடையைச் சாத்திவிட்டு மூவரும் எதிர் ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி அம்மா நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தெரிஞ்சே பாழுன்னு போட்டீங்களாம்மா?" என்று தேவகியைக் கேட்டார். "ஆமாம் மேடம்" என்றாள். அதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டாள். கோடு நேராகத்தான் வந்தது. நோட்டுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். மதியம் மூன்று மணிக்கு ஏழு பேரும் பட்டியலில் ஏறிவிட்டார்கள். அதற்குள் மேல்மாடியிலிருந்து சந்திரமோகனின் போன் வந்தது. பேசிவிட்டு, "நாளைக்கு வர வேணாமாம்க்கா" என்றாள். பயிற்சியை அவள் முடிக்கவும் இல்லை, சான்றிதழ் வரவும் இல்லை.

திரும்பி வரும்போது ஆபீஸ் படியில் ஜெயம்மாள் நின்றுவிட்டாள். காலையிலிருந்து தேவகியிடம் ஒரு வார்த்தை பேசாதவள், அவள் கையிலிருந்த நோட்டைக் காட்டினாள்.

"எங்கூட்டுக் கதவுல அவரு இன்னா எழுதியிருந்தாரு மேடம்? அன்னிக்கு எழுதினப்ப நான் மூட்டை கட்டிகினு இருந்தேன். கேக்கவே இல்ல."

தேவகி பக்கத்தைப் புரட்டினாள். வரியில் விரலை வைத்துப் படித்தாள்.

"செங்குன்றம் சூளைக்குப் போறோம். ஆடிக் கிருத்திகைக்கு வந்துடுவோம். தங்கவேல்."

ஜெயம்மாள் மலைக்கோயில் பக்கம் திரும்பினாள்.

"வந்தோமே மேடம்" என்றாள். "கிருத்திகைக்கு மொதநாளே வந்தோம்."