கொலுப்பலகை விளக்கு

ஜம்பு மாமாவிடம் ஒரு குணம் உண்டு. யாருக்கு நல்லது செய்தாலும் அவர்களைக் கேட்காமல் செய்வார். டில்லி கரோல் பாக்கில் அவருக்கு நேர் கீழ்வீட்டில் பல வருஷமாகக் குடியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் எல்லாம் அவர் உத்தரவுதான்.

போன வருஷம் அவர் மனைவி வைதேஹி மாமிக்குக் கண் மங்க ஆரம்பித்தது. எதிரில் இருப்பவர் முகமே கலங்கலாகத்தான் தெரியும். இனிச் சரியாகாது, நல்ல வெளிச்சம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மாமா கடையிலிருந்து எல்.இ.டி. தொங்குவிளக்கு ஒன்று வாங்கி வந்து மாட்டினார். அது வெள்ளைவெளேர் என்று அடித்ததில் மாமியின் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

மனிதர் விடவில்லை. விளக்கைச் சுற்றி மெல்லிய மரச்சட்டங்களால் கூடு அமைத்தால் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் மேஜைமேல் மட்டும் விழும் என்று கண்டுபிடித்தார். பரணில் கொலுப்படிப் பலகைகள் இருந்தன. மாமியின் பிறந்தகத்தில் கொடுத்த தேக்கு. கண் தெரியாதவள் இனி எங்கே கொலு வைக்கப் போகிறாள் என்று அவராகவே தீர்மானித்து, மொட்டைமாடியில் வைத்து அறுத்துவிட்டார். உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் பூசியதும், "காமாக்ஷி, ஏணியைச் சித்த பிடிச்சுக்கோம்மா" என்று என்னைக் கூப்பிட்டார். அப்போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. வந்த கோபத்தில் ஏணியை விட்டுவிட்டுப் போயிருப்பேன். மாமிக்காக நின்றேன்.

விளக்கு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. மாமி அதனடியில் உட்கார்ந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்னா, என் வளையல் தெரியறது. இந்த வெளிச்சம் போறும். நவராத்திரிக்கு இங்கேயே படி கட்டிடலாம். இந்த வருஷம் கொலு வைக்கவே முடியாதோன்னு பயந்துண்டிருந்தேன்."

மாமா ஏணியை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். பிறகு, "பலகைதான் உன் தலைக்கு மேல தொங்கறது, வைதேஹி" என்றார்.

"எல்லாமா?"

"எல்லாம்தான். உனக்குக் கண்ணு தெரியலையே, இனிமே எதுக்குன்னு..."

மாமி எழுந்து சட்டங்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"பொம்மையெல்லாம் எனக்குக் கையாலயே தெரியும். கண்ணுதானே போச்சு, நான் இருக்கேனே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

வெளிச்சம் மேஜையோடு நின்றுவிட்டது. எதிரே நின்ற மாமா அழுதது அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.