அடிக்கு ஒரு பாகம்

மேஸ்திரி செத்த அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் முப்பது பேர் கூடினார்கள். அவரைப் பார்க்க வந்தது நாலு பேர். மீதி இருபத்தாறு பேர் வந்தது அவருடைய மோட்டார் சைக்கிளைப் பார்க்க. சும்மா பார்த்துவிட்டுப் போகவில்லை, ஸ்பானரும் கையுமாக வந்திருந்தார்கள். உள்ளே அழுகை ஆரம்பிப்பதற்குள் வெளியே முன் சக்கரம் கழன்றுவிட்டது. டேங்க் போனது, சீட் போனது, ஹெட்லைட் போனது. பத்து நிமிஷத்தில் அந்த வண்டி, சாப்பிட்டு முடித்த மீன் மாதிரி வெறும் முள்ளாக நின்றது. இன்ஜினை மட்டும் விட்டுவைத்தார்கள். இரக்கமெல்லாம் இல்லை. கனம்.

அதை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்த பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு இப்போது முப்பத்து நாலு. பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடைசல் பட்டறையில் வேலை. தெருவில் லேத்துக்காரி என்று சொன்னால்தான் தெரியும். மூக்குக் கண்ணாடி, முழங்கை வரை மடித்த சட்டை, நகக்கண்ணில் நிரந்தரக் கறுப்பு. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் தூங்கமாட்டாள்.

அவள் அப்பா சரக்குக் கிடங்கில் மேஸ்திரி. தெருவில் பாதிப் பேர் அவருக்குக் கீழே மூட்டை தூக்கியவர்கள். லேட்டாக வந்தால் அடி. மூட்டை கிழிந்தால் அடி. ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்டால் அதற்குத் தனியாக ஒன்று. வண்டியை நிறுத்தினால், யாரும் ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாதென்று கிக்கர் கம்பியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். அந்தக் கம்பி வண்டியை உதைத்து எழுப்பியதைவிட ஆட்களைப் படுக்க வைத்ததுதான் அதிகம். அம்மாவுக்கு முன்பல் இரண்டு இல்லை. எங்கே போயின என்று யாரும் கேட்டதில்லை. தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லேத்துக்காரி, பின்கட்டில் துணிக்கொடி கட்டியிருந்த அந்த வண்டிச் சேஸிஸை அவிழ்த்து முன்னறைக்கு இழுத்து வந்தாள். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவர். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் வாசலில் நின்றார்.

"என்னடி இது?"

"சேஸிஸ்."

"கண்ணு தெரியுது எனக்கு. எதுக்கு வீட்டுக்குள்ள?"

"வண்டி கட்டப் போறேன்மா. அடியிலேர்ந்து."

"கட்டிக்கோ. அந்தச் சத்தம் மட்டும் இந்த வாசல்ல கேக்கக் கூடாது."

"வண்டின்னா சத்தம் வரும்மா."

"அப்போ வண்டி வராது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சத்தத்துக்குத்தான் லேத்துக்காரி வண்டியே கட்டினாள். தெருவுக்கு அது ஆள் வருகிற சத்தம். கேட்டதும் கதவைச் சாத்துவார்கள். அம்மாவுக்கு அது கிட்டே வருகிற சத்தம். அவளுக்கு மட்டும் வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அவளை டேங்க் மேல் உட்கார வைத்து ஆற்றுப்பாலம் வரை ஓட்டுவார். அந்த அரைமணி நேரமும் அவருடைய இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கும். யாரையும் அடிக்க முடியாது. வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் உலகத்தில் ஒருத்தருக்கும் அடி விழாது என்று அந்த வயசில் அவள் முடிவு கட்டியிருந்தாள். இன்னொரு தடவை அதைக் கேட்க வேண்டும். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

வேலை, அடிதடி மாதிரிதான் நடந்தது. துருவைக் கம்பி பிரஷ்ஷால் பிராண்டினாள். வளைந்திருந்த சேஸிஸைக் காய்ச்சி, பெரிய சுத்தியலால் நாலு நாள் அடித்து நேராக்கினாள். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் போயிருந்தது. டீசல் ஊற்றிப் பத்து நாள் ஊறப்போட்டு, மரக்கட்டையை வைத்து ஓங்கி ஓங்கி அடித்தாள். பதினோராம் நாள் அது, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்பட்ட குடிகாரன் மாதிரி வந்து விழுந்தது. பட்டறையில் சிலிண்டரைக் குடைந்து, பெரிய சைஸ் பிஸ்டன் போட்டாள். தேய்ந்த புஷ் வளையமெல்லாம் அவளே கடைந்தாள். ஆனால் டேங்க்கைக் கடைய முடியாது. அந்த மாடல் உற்பத்தி நின்று நாற்பது வருஷம். பழைய இரும்புக் கடைகளில் அலைந்து பார்த்தாள். கிடைக்கவில்லை. பாகமெல்லாம் எங்கே இருக்கிறதென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எதிர் வரிசையில்.

முதலில் சாணைக்காரர். வண்டியின் முன் சக்கரம் அவருடைய சாணைக்கல்லை இருபத்திரண்டு வருஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மாமா, அந்தச் சக்கரம் வேணும். பதிலுக்குப் புதுசா ஒண்ணு செஞ்சு தரேன்."

"சக்கரத்துக்குச் சக்கரம் வேணாம்மா." அவர் சட்டையைத் தூக்கினார். விலாவில் மூன்று தழும்பு, மூன்றும் ஒரே அளவு. "உங்கப்பன் எனக்குக் குடுத்தத நீ வாங்கிக்கோ. எடுத்துட்டுப் போ."

கேலிக்குத்தான் சொன்னார். அவள் கண்ணாடியைக் கழற்றி அவர் மனைவியிடம் கொடுத்தாள்.

"முகத்துலயா, முதுகுலயா மாமா?"

சாணைக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்தார். எழுந்தபோது சிரிப்பு இல்லை. முதல் அறையில் அவள் கடைவாய்ப்பல் ஆடியது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. மூன்றாவது முஷ்டி, விலாவில். மூலைமட்டம் மாதிரி மடங்கி உட்கார்ந்தாள். அவர் நட்டைக் கழற்றி, சக்கரத்தை அவள் பக்கம் உருட்டிவிட்டார்.

"காத்து கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றார்.

சேதி பரவியது. மறுநாள் முடிவெட்டுகிறவர் கடை வாசலில் காத்திருந்தார். வண்டி சீட், அவர் கடையில் காத்திருப்போர் பெஞ்சு. அவருக்கு இடது காது கேட்காது, மேஸ்திரி உபயம். எனவே இடது காதில் ஒன்று. கையைக் கழுவி, துடைத்து, பவுடர் போட்டுக்கொண்டு அடித்தார். தொழில் சுத்தம். அவள் காதில் நாலு நாள் பிரஷர் குக்கர் கூவியது. பட்டறையில் கடைசல் உளியின் சத்தம் மாறியது கேட்காமல் முனையை உடைத்துவிட்டாள். முதலாளி அவள் முகத்தைப் பார்த்தார்.

"மூஞ்சி ஒரு நிலைக்கு வந்தப்புறம் வா தாயி. கஸ்டமர் எல்லாம் நான்தான் அடிச்சேன்னு நெனைக்கிறாங்க."

டேங்க் தையல் அத்தையிடம் இருந்தது. மெஷினுக்கு அடியில் போட்டு, இருபத்திரண்டு வருஷமாக அதன்மேல் கால் நீட்டிக்கொண்டு தைத்தார். அவர் புருஷனின் நாலு விரலை மேஸ்திரி உடைத்ததால்தான் ஊசியே பிடிக்கக் கற்றுக்கொண்டவர்.

"நாலு. விரல்ல" என்று மர ஸ்கேலை எடுத்தார்.

"இடது கைல வாங்கிக்கவா அத்தை? வலது கை வேலைக்கு வேணும்."

"அவருக்கு வேணாமா இருந்துச்சு?"

வலது கையை நீட்டினாள். மூன்றாவது அடியில் ஸ்கேல் முறிந்தது. நாலாவதை அத்தை முறிந்த துண்டாலேயே போட்டார். ரத்தம் தைத்துக்கொண்டிருந்த பாவாடையில் தெறித்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது அத்தை."

"ம். வலிக்கட்டும்." மருந்து வைத்துக் கட்டினார். "மடக்கு பாப்போம். மடங்குதுல்ல? அவருக்கு மடங்கல." பிறகு டீ போட்டுக் கொடுத்தார். பாவாடைக்காரிக்கு என்ன சொல்வது என்று இரண்டு பேரும் யோசித்தார்கள்.

இப்படியே ஏழு வீடு. ஒரு வீட்டில் மட்டும் அடிக்கவில்லை. கார்புரேட்டரைக் காலடியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அது எல்லாவற்றையும்விட நன்றாக வலித்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அம்மா துணியைச் சுடுநீரில் நனைத்து, புதுசாக வீங்கிய இடமெல்லாம் ஒற்றுவார். ஒற்றி முடித்துவிட்டுப் பின்னறைக்குப் போய் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். முன்னறையில் வண்டி வளர வளர ரேடியோவும் வளர்ந்தது.

ஐந்தாம் மாதம், பார்ப்பதற்கு முழு வண்டி வந்துவிட்டது. கறுப்புப் பெயிண்ட், மூன்று பூச்சு. கிக்கர் கம்பி மட்டும் எந்த வீட்டிலும் இல்லை.

"அதத் தொடுற தைரியம் எவனுக்கு இருந்துச்சு?" என்றார் முடிவெட்டுகிறவர். "நான் சீட்டக் கழட்டினதே கண்ண மூடிட்டுதான்."

கிக்கர் இல்லாவிட்டாலும் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு வண்டியை வாசலில் இறக்கி ஸ்டாண்டு போட்டாள். தெரு வேடிக்கை பார்த்தது.

"யாராவது கொஞ்சம் தள்ளி விடுங்களேன்."

யாரும் நகரவில்லை. நகர்ந்தது ஓசி மட்டும். நாற்பது வயசு, அடுத்தவர் பேப்பர், அடுத்தவர் தீப்பெட்டி, அடுத்தவர் குடை. அதனால் ஓசி. கையில் ஒரு நட்டு வைத்திருந்தான்.

"இதுவும் உங்கப்பன் வண்டிதுதான். எனக்கும் ஒரு அடி வரணும்."

அவள் வாங்கி, மரையை நகத்தால் தடவிப் பார்த்தாள். "இது சைக்கிள் நட்டுண்ணே."

"யார் சொன்னா?"

"நட்டு சொல்லுது. அப்பா உங்கள அடிச்சாரா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஓசி முகம் கறுத்தது. அந்தத் தெருவில் மேஸ்திரியிடம் அடி வாங்காத ஒரே ஆண் அவன்தான். மூட்டை தூக்கத் தெம்பில்லாத அவனை மேஸ்திரி ஒரு ஆளாகவே எடுத்துக்கொண்டதில்லை.

"தெருவே அடிச்சாச்சு. அடிக்கு ஒரு பாகம்னு அள்ளிக் குடுக்கிற. எனக்கு மட்டும் என்னடி கேள்வி?" என்று நட்டைப் பிடுங்கி, டேங்க்கின் மேல் வைத்து, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை ஒரு இழுப்பு இழுத்தான். மூன்று பூச்சும் கிழிந்து தகரம் பல் இளித்தது.

அவள் கையில் ரிங் ஸ்பானர் இருந்தது. புறங்கை வீச்சில் முதல் அடி நெற்றியில் விழுந்தது. ஓசி பின்னால் சாய்வதற்குள் இரண்டாவது. கீழே விழுந்தவன் கையைத் தூக்கி மறைத்தான், அந்தக் கையின்மேல் மூன்றாவது, நான்காவது. அவள் கத்தவில்லை, திட்டவில்லை. மூச்சுகூட வாங்கவில்லை. பிஸ்டனைத் தட்டிய அதே நிதானம். முடிவெட்டுகிறவர் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தபோதுதான் நின்றாள்.

தெரு மொத்தமும் இரண்டடி பின்வாங்கி இருந்தது. சாணைக்காரரின் கை, தானாகவே விலாவுக்குப் போயிருந்தது.

"அதே கை" என்றார் தையல் அத்தை, மெதுவாக.

லேத்துக்காரி ஸ்பானரைப் பார்த்தாள். ஓசியின் கண்புருவத்திலிருந்து ரத்தம் வழிந்து வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் அவளைப் பார்த்த பார்வையை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள், டேங்க் மேல் உட்கார்ந்தபடி, வழிவிட்டு ஒதுங்கியவர்களின் முகத்தில்.

பின்னறையில் ரேடியோ நின்றது.

அம்மா ஆஸ்பத்திரிப் போர்வைத் துண்டில் சுற்றிய ஒன்றைக் கொண்டு வந்தார். பிரித்தார். கிக்கர் கம்பி. எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார். மகளிடம் கொடுக்கவில்லை. ஓசியைத் தூக்கி நிறுத்தி, அவன் கையில் வைத்தார்.

"இந்தா. அடி."

"அக்கா, வேணாம்கா. நான் சும்மா..."

"சும்மாவா உன் நெத்தில ஒழுகுது? அடி." மகள் பக்கம் திரும்பினார். "நில்லு."

நின்றாள். கண்ணாடியைக் கழற்றக்கூட மறந்துபோய் நின்றாள். ஓசி அழுதுகொண்டே கம்பியை ஓங்கினான். அழுகிறவன் மெதுவாக அடிப்பான் என்று நினைத்தால் தப்பு. வலது தோள்பட்டை எலும்பு, காய்ந்த குச்சி மாதிரி 'சடக்' என்றது. கடைசி வீடு வரை கேட்டது. அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு போதும்" என்று அம்மா கம்பியை அவன் கையிலிருந்து உருவினார். மகளுக்கு முன்னால் குந்தினார். "இருபத்திரண்டு வருஷம். அந்தச் சத்தம் வரக் கூடாதுன்னு இத ஒளிச்சு வச்சிருந்தேன். கை வந்துருச்சு. இனிமே சத்தத்த மட்டும் தடுத்து நான் என்ன பண்ண?"

"அம்மா..."

"வாய மூடு. எங்க மாட்டணும்?"

லேத்துக்காரி இடது கையால் காட்டினாள். அம்மா கம்பியைத் தண்டில் ஏற்றி, பின்னைச் செருகி, ஒரு கல்லால் தட்டி இறுக்கினார். பெட்ரோல் குழாயைத் திறந்தார். எல்லாம் பார்த்துப் பார்த்தே கற்றது. ரப்பர் செருப்புக் காலைக் கம்பியில் வைத்து முழு உடம்பையும் போட்டு மிதித்தார். ஒன்றுமில்லை. இரண்டாவது மிதிக்கு இருமல். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

பழக்கதோஷம், தெருவே சுவரோரம் ஒட்டிக்கொண்டது. இரண்டு வீட்டில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி டப் டப் டப் என்று நின்ற இடத்திலேயே ஓடியது. யாரும் அதிலிருந்து இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முடிவெட்டுகிறவர் கிட்டே வந்து, கேட்கிற காதை டேங்க் பக்கம் சாய்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார் தையல் அத்தை. "நான் ரொம்பப் பெருசுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அம்மா காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அந்தப் போர்வைத் துண்டைக் கிழித்து ஒரு பாதியால் மகளின் கையைக் கழுத்தோடு கட்டினார், மறுபாதியால் ஓசியின் நெற்றியைக் கட்டினார். லேத்துக்காரி சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் ஒருத்தன் ரத்தம் ஒழுக உட்கார்ந்திருந்ததால், அவள் நினைத்து வைத்திருந்த மாதிரி அது இல்லை.

"அண்ணே, வலிக்குதா?"

"பின்ன?" ஓசி கட்டைத் தொட்டுப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். "எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம். நீ பின்னாடி உக்காரு, நான் ஓட்டறேன்."

"வேணாம்ணே, நடந்தே போயிடுவோம்."

"ஏன், அதையும் ஓசில ஓட்டிருவேன்னு பயமா?"

"பிரேக் இன்னும் மாட்டல."