குடுவையைக் குலுக்கிய மாப்பிள்ளை

தன் பெண்டாட்டிக்குப் பக்டீரியாவை ஏமாற்றுவதுதான் தொழில் என்று என் மாப்பிள்ளை எங்கள் ஊரான கல்முனைக்குடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பொய்யில்லை. நமக்கு வேண்டிய புரதத்தின் மரபணுவை முதலில் பக்டீரியாவுக்குள் புகுத்திவிடுவோம். அது சும்மா கிடக்கும். பிறகு ஐபிடிஜி என்ற மருந்தை ஊற்றினால், பாலில் உள்ள சீனி வந்துவிட்டதென்று நம்பி, அந்தப் புரதத்தைச் செய்யத் தொடங்கும். சீனி மட்டும் கடைசிவரை கிடைக்காது, பாவம்.

புரதம் கிடைத்தால் அதை மேற்கொண்டு ஆராய நான் ஒரு வருடம் கொழும்புக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் பயணம் இல்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். ஆகவே நான் போனால், என் வீட்டில் என்னைப் பெற்ற உம்மாவோடு அவர் தனியே மாட்டிக்கொள்வார். உம்மாவின் வாய்க்குத் தெருவே பயப்படும். ஆனாலும் மாப்பிள்ளை, "போ புள்ள, படிச்சத வீணாக்காத" என்றுதான் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கையிலிருந்த கடைசி ஐபிடிஜியை ஊற்றிய சனிக்கிழமை, பின்னேரம் அவர் என்னைக் கூட்டிப்போக ஆய்வுக்கூடத்துக்கு வந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. குடுவையைக் குலுக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. குலுக்காவிட்டால் பக்டீரியாவுக்குக் காற்றுப் போதாது, புரதமும் ஒழுங்காக வராது. சூட்டுக்குக் கவலையில்லை, எங்கள் ஊர் வெக்கையே போதும். குடுவையை எடுத்து நானே குலுக்கினேன். கை ஓய்ந்தபோது அவர் வாங்கிக்கொண்டார்.

"தாலாட்டாதீங்க, குலுக்குங்க!" என்று கத்தினேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

"ஏசாத புள்ள, குலுக்கிறன்தானே."

வியர்வையில் அவர் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. கரண்ட் வரும்வரை குடுவையைக் கீழே வைக்கவேயில்லை. கொஞ்சம் மெதுவாகக் குலுக்கியிருந்தால் நான் ஊரிலேயே இருந்திருப்பேன். அது அவருக்கும் தெரியும். அந்த மனிதர் மேல் அப்போது வந்த அன்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் சோதித்துப் பார்த்தபோது, புரதம் இருக்கவேண்டிய இடத்தில் நீலக் கோடு ஒன்று தடிப்பாக விழுந்திருந்தது. கைபேசியில் படம் எடுத்துப்போய் அவருக்குக் காட்டினேன்.

"இதுவா?"

"ஓம்."

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை.

"ஒரு வருசமும் உம்மாட ஏச்சக் கேட்டுக்கிட்டு என்னத்துக்கு இஞ்ச இரிக்கீங்க? உங்கட ஊட்டுக்குப் போய் இருங்களன்" என்றேன்.

"நல்ல கத" என்றார். "லீவுக்கு நீ வரக்குள்ள வாசல்ல ஆள் நிக்க வேணாமா?"