துக்க வீட்டுக்கு டூர் போன சாலமோன்

சாலமோனோடு டூர் போனால் கையைக் கடிக்காது என்று செங்கல்பட்டில் அவர் குடியிருக்கும் தெருவில் ஒரு பேச்சு உண்டு. மண்டையும் காயாது என்று அவரே சேர்த்துச் சொல்லிக்கொள்வார். பரனூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. அலமாரியில் ஒரு திருகாணி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனிதர். அந்தக் கண்ணை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

வருடத்துக்கு ஒரு டூர். அதற்கென்று ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் மாதாமாதம் பணம் போடுவார். தண்ணீர் வீட்டிலிருந்து, புளிசோறு வீட்டிலிருந்து, பொரித்த அப்பளம்கூட வீட்டிலிருந்து. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் வரும்வரை ஒன்றரை மணி நேரம் ஆனாலும் நிற்க வேண்டும். திரும்பி வரும்போது பிள்ளைகளைப் பார்த்து, "இன்னிக்கு எவ்ளோ மிச்சம்?" என்று கேட்பார். எட்டு வயது ஆல்வின் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திச் சொல்வான். பதினைந்து வயது சிநேகா இப்போதெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இந்த மே மாதம் மாமல்லபுரம் என்று முடிவானது. ரூம் விசாரித்தார். லீவு சீசன், மூவாயிரத்துக்கு ஒரு பைசா குறைக்க மாட்டோம் என்றார்கள். அப்போதுதான் அவருக்குக் காசியம்மாள் ஞாபகம் வந்தது.

காசியம்மாள் அவருடைய சித்தப்பா மகள். சாலமோனின் அப்பா கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தார், சித்தப்பா சேரவில்லை. அதனால் உறவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அவளுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை, பெற்றவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறந்த வீடு என்று அவள் கைகாட்ட இந்த உலகத்தில் மிச்சமிருந்தது சாலமோன் ஒருவர்தான். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் புதுப்பட்டினத்தில் சொந்தமாய் ஒரு சின்ன வீடு, பக்கத்துக் குடியிருப்பில் பெருக்கித் துடைக்கும் வேலை. புருஷன் ராமதாஸ் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், போன பிப்ரவரியில் மாரடைப்பில் இறந்துபோனார்.

சாவுக்கு சாலமோன் போகவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் புதுப்புடவை கொண்டுவந்து போர்த்த வேண்டும். கோடி என்பார்கள். புடவை, மாலை, மேளம், போக வர வண்டி என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். டூர் டப்பா காலியாகிவிடும் போல் இருந்தது. "ஆபீஸ்ல ஸ்டாக் எடுக்குறாங்கோ காசி, வர முடியாது" என்று போனில் சொல்லிவிட்டு, ஒரு நிமிட ஜெபத்தை வாய்ஸ் மெசேஜாக அனுப்பிவைத்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அவர் குறட்டை விட்டுத் தூங்கியதை மனைவி ஜெபாவும் பார்த்தாள், சிநேகாவும் பார்த்தாள்.

மூன்று மாதம் கழித்து அதே காசிக்குப் போன் போட்டார். "சனிக்கெழம புள்ளைங்களோட வரோம் காசி. ரெண்டு நாள் தங்குறோம்."

"வாண்ணா. எப்ப வருவேன்னு பாத்துகினேதான் இருந்தேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது. சிக்னல் சரியில்லை என்று சாலமோன் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் ஜெபா வெளுத்துப்போன பழைய புடவையில் வந்து நின்றாள். "டூருக்கு இன்னா இந்தப் பொடவ?" என்றார்.

"அந்தாளு செத்தப்புறம் மொத மொத அந்த வூட்டுக்குப் போறோம். ஒரு தடவ யோசிச்சிப் பாரு."

"மூணு மாசம் ஆச்சி. அதெல்லாம் முடிஞ்ச கத. சும்மா பேஜாரு பண்ணாத" என்று கிளம்பினார். போகிற வழியில் தெரிந்த பஞ்சர் கடையில் ஆல்வினின் நீச்சல் டியூபுக்கு ஓசியில் காற்றடித்துக்கொண்டார். கடற்கரையில் அதற்கு இருபது ரூபாய் கேட்பான். ஆல்வின் அதை இடுப்பில் மாட்டிக்கொண்டே பஸ் ஏறினான். திருக்கழுக்குன்றத்தில் இறங்கி அடுத்த பஸ் மாறும்போதும் கழற்றவில்லை.

புதுப்பட்டினத்தில் காசியின் தெருவுக்குள் திரும்பியதும் சாலமோன் அப்படியே நின்றுவிட்டார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காசியம்மாள், தலையை அவிழ்த்துப்போட்டபடி. அண்ணன் துக்கம் கேட்க வருகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள்.

அவரைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள். "அண்ணா, உன் மச்சான் இல்லாத வூட்டுக்கு வந்துட்டியா, வான்னு கூப்புட ஆளில்லாத வூட்டுக்கு வந்துட்டியா" என்று ஜெபாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜெபாவும் அழுதாள். சுற்றி இருந்த பெண்களும் அழுதார்கள். சாலமோன் தலையில் 'ஐ லவ் பீச்' என்று எழுதிய தொப்பி. பக்கத்தில் ஆல்வின், இடுப்பில் மஞ்சள் வாத்துத் தலை போட்ட டியூபோடு.

சிநேகாதான் முதலில் சுதாரித்தாள். தம்பியைச் சுவர் பக்கம் இழுத்து டியூபின் மூடியைப் பிடுங்கினாள். ஒப்பாரிக்கு நடுவில் அந்தக் காற்று புஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்தது. ஓசிக் காற்று, அதனால்தானோ என்னவோ லேசில் தீரவில்லை. தெருவே தன்னைப் பார்ப்பது போல் இருந்தது சாலமோனுக்கு. தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது.

அழுகை ஓய்ந்ததும் பக்கத்து வீட்டு செல்லம்மா அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "குந்து நைனா. வர முடியலன்னாலும் நீ செய்யவேண்டியத செஞ்சிட்ட. டப்பு அனுப்பி கோடி எடுக்கச் சொன்னியாமே, காசி சொல்லிச்சி. பச்சக் கலரு, நல்ல பொடவ. அண்ணன் கோடின்னு அதத்தான் மொத மொத போத்துனோம். நீ நல்லா இருக்கணும்."

சாலமோன் காசியைப் பார்த்தார். அவள் கீழே குனிந்து தலையை முடிந்துகொண்டிருந்தாள். இல்லை, நான் ஒரு பைசா அனுப்பவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிமிர்ந்தபோது எதிரில் சிநேகா நின்றிருந்தாள். காற்றுப் போன டியூபைக் கையில் சுருட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். அவர் என்ன சொல்லப்போகிறார் என்றுதான் காத்திருந்தாள். அது அவருக்கும் புரிந்தது. ஆனாலும் செல்லம்மா போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

செல்லம்மா டியூபைக் காட்டி, "இன்னாடி அது வாத்து?" என்றாள்.

"நான்தான் எடுத்தாரச் சொன்னேன் ஆயா. பசங்க வந்தா கடல் காட்றேன்னு சொல்லிகினு இருந்தேன்" என்றாள் காசியம்மாள், கண் இமைக்காமல்.

சோறு போடும்போது சாலமோன் அவள் பின்னாலேயே அடுப்படிக்குப் போனார். பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து நீட்டினார். "காசி, அந்தக் கோடி யாரு எடுத்தது?"

"நான்தான். வேல செய்ற எடத்துல அட்வான்ஸ் வாங்கி, கூட வேல செய்ற பொண்ண அனுப்சி எடுத்தாந்தேன்." குழம்பைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். "அவரு போனதக்கூட தாங்கிகினேன்ணா. இவளுக்குப் பொறந்த வூட்ல நாதியில்லன்னு நாலு பேரு பேசினா அத தாங்க முடியாதுன்னு தோணிச்சி."

"தப்புப் பண்ணிட்டேன் காசி. இத வெச்சிக்கோ."

அவள் டப்பாவைப் பார்த்தாள், வாங்கவில்லை. "கோடி போத்தறதுக்கு ஒரு நாள் கீதுண்ணா. அது போயிடுச்சி. பசங்களுக்கு எதுனா வாங்கிக் குடு. கைய கழுவிகினு வா, சோறு ஆறிடும்."

சாலமோன் சாப்பிட்டார். இரண்டு நாள் தங்குவதாக வந்தவர்கள் சாயங்காலமே எழுந்துவிட்டார்கள். கடலுக்குப் போகலாமா என்று ஆல்வின் மட்டும் ஒருமுறை கேட்டான்.

வாசல் தாண்டும்போது சாலமோன் திரும்பினார். விருந்துக்கு வந்தவன் போய்வருகிறேன் என்று சொல்ல வேண்டும். துக்கத்துக்கு வந்தவன் சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும். தான் எதற்கு வந்தவன் என்பது அவருக்குத் தெரியும். எல்லார் முன்னாலும் அதைச் சொல்லி, காசியின் காலில் விழுந்துவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தார். வாயைத் திறந்தார்.

காசியம்மாள் முந்திக்கொண்டாள். "சொல்லிக்காம போண்ணா. துக்கத்துக்கு வந்தவன் சொல்லிகினு போவக்கூடாது." அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சாலமோன் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனதும் ஆல்வினுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, இன்னிக்கு எவ்ளோ மிச்சம்னு நீ கேக்கவே இல்ல" என்றான்.

சிநேகா அவன் வாயைப் பொத்தினாள். சாலமோன் மடியில் பிஸ்கட் டப்பா போனபடியே திரும்பிக்கொண்டிருந்தது. அதில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.